நிறைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்கு முன்னரான உளச்சோதனை: ஒரு வரலாற்று நோக்கு

மிகைப்பருமன் உடையோரின் நிறையைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் சத்திரசிகிச்சை இன்று உலகின் பல நாடுகளில் நிலைபெற்ற மருத்துவ முறையாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இச்சத்திரசிகிச்சையை வேண்டி நிற்கும் ஒருவர், சத்திரசிகிச்சை நிபுணரின் பரிசோதனையோடு மட்டும் அதனைப் பெற்றுவிட முடிவதில்லை. உளவியலாளர் அல்லது உளமருத்துவர் ஒருவர் முன் அமர்ந்து, தமது பிள்ளைப் பருவம், குடும்ப வாழ்வு, உணவுப் பழக்கம், மதுப் பாவனை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியன பற்றிய வினாக்களுக்கு அவர் விடையளிக்க வேண்டும். அச்சிட்ட வினாக்கொத்துகளை நிரப்ப வேண்டும். ஈற்றில், உளத்தகுதி உடையவர் என்ற அறிக்கையைப் பெற வேண்டும். அவ்வறிக்கை இல்லாதவிடத்துப் பெரும்பாலான சிகிச்சை நிலையங்கள் அவரை ஏற்பதில்லை. பல காப்புறுதி நிறுவனங்கள் செலவைப் பொறுப்பதில்லை.

இந்நடைமுறை எச்சூழலில் தோன்றியது? எக்கருத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது? அக்கருத்து தளர்ந்த பின்னரும் இது நிலைத்தமைக்குக் காரணம் யாது? இம்மூன்று வினாக்களையும் வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உளவியல் சார்ந்த ஒரு தொழில்நுட்பச் செய்தியாக மேலோட்டமாகத் தோன்றும் இவ்விடயம், சிகிச்சை பெறும் உரிமை யாருக்கு உண்டு, அதனை யார் தீர்மானிப்பது என்ற சமூக வினாவைத் தன்னுள் அடக்கியுள்ளது.

1

இந்த வரலாற்றின் முக்கிய இழைகள் மூன்று, ஒரே பல்கலைக்கழகத்திலே, ஏறக்குறையப் பத்து ஆண்டு கால எல்லைக்குள்ளே தோன்றியமை கவனத்திற்குரியது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகமே அது.

உளவியலாளரான ஸ்டார்க் ஹதவேயும் நரம்பியல், உளமருத்துவ அறிஞரான மக்கின்லியும் உருவாக்கிய ‘மினசோட்டாப் பல்கூற்று ஆளுமை வினாக்கொத்து’ 1943ஆம் ஆண்டில் அங்கு வெளியிடப்பட்டது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கூற்றுகளை வாசித்து, ஒவ்வொன்றையும் ‘சரி’ அல்லது ‘பிழை’ எனக் குறிக்கும் முறையில் அது அமைந்திருந்தது. நோயாளரின் விடைகளை ஒப்பிடுவதற்கு ‘இயல்பான’ மனிதரின் விடைகள் தேவைப்பட்டன. பல்கலைக்கழக வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்க வந்த உறவினரும் நண்பருமான 724 பேரே அதற்கான முதன்மை அளவுகோலாக அமைந்தனர். அவர்கள் பெரும்பாலும் மினசோட்டாவின் சிற்றூர்களையும் நாட்டுப்புறங்களையும் சேர்ந்த வெள்ளையர். ஏறத்தாழ எட்டாம் வகுப்புவரை கற்றவர். பிற்காலத்தில் உலகெங்கும் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, கோடிக்கணக்கானோரின் மனத்தை அளக்கப் பயன்பட்ட கருவியின் ‘இயல்புநிலை’ இவ்வாறே வரையறுக்கப்பட்டது. 1989இல் அது திருத்தப்பட்டபோதுதான் பரந்ததொரு மக்கட்தொகுதி அடிப்படையாகக் கொள்ளப்பட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் 1944–45 காலப்பகுதியில் உடற்றொழிலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் பட்டினி பற்றிய புகழ்பெற்ற ஆய்வினை நடத்தினார். போரில் ஆயுதமேந்த மனச்சாட்சியின் பெயரால் மறுத்த 36 இளைஞர் தாமாகவே இதற்கு முன்வந்தனர். ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து, தமது உடல் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியை அவர்கள் இழந்தனர். உடல், உள நலம் சிறந்தவர்களெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இவ்விளைஞரிடையே மனச்சோர்வும் எரிச்சலும் தனிமை நாட்டமும் உணவு பற்றிய இடையறாத சிந்தனையும் தோன்றின. ஹதவேயின் வினாக்கொத்து இவர்களுக்கும் வழங்கப்பட்டது. பட்டினிக் காலத்தில் மனச்சோர்வு முதலிய அளவுகள் உயர்ந்தன. உணவு மீண்டும் கிடைத்தபின் அவை படிப்படியாகத் தணிந்தன. உடலின் நிலைமை மனத்தின் அளவீட்டை மாற்றவல்லது என்ற உண்மை இதனாற் புலனாயிற்று. எனினும், பின்வந்த காலத்திற் பருமனான உடலுடையோரை ஆராய்ந்த பலர் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளவில்லை.

மூன்றாவது இழை சத்திரசிகிச்சை சார்ந்தது. சுவீடனைச் சேர்ந்த ஹென்றிக்சன் 1950களின் தொடக்கத்திலே பருமனைக் குறைப்பதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை அகற்றிய செய்தியை வெளியிட்டிருந்தார். 1954இல் மினசோட்டாவின் கிறெமன், லின்னர், நெல்சன் ஆகியோர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கி இணைக்கும் முறை பற்றிய தமது ஆய்வினை வெளியிட்டனர். மினசோட்டாவிற் பயிற்சி பெற்ற எட்வேட் மேசன், அயோவாப் பல்கலைக்கழகத்தில் இட்டோவுடன் இணைந்து, இரைப்பையின் பெரும்பகுதியை விலக்கும் முறையினை 1967இல் அறிமுகப்படுத்தினார். இன்றைய இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை அதன் வழிவந்ததே.

2

சத்திரசிகிச்சை தோன்றிய காலத்தில் உடற்பருமன் பற்றி உளமருத்துவ உலகில் நிலவிய கருத்து யாது என்பதை அடுத்து நோக்கல் வேண்டும்.

ஜேர்மனியிலிருந்து நாற்சி ஆட்சியின் காரணமாக 1933இல் வெளியேறிய ஹில்டே புறூக், பின்னர் நியூயோர்க்கிலே பருமனான சிறுவர்களை ஆராய்ந்தார். சுரப்பிகளின் கோளாறே சிறுவர் பருமனுக்குக் காரணம் என்ற அக்கால நம்பிக்கையை அவர் மறுத்தமை ஒரு முக்கிய முன்னேற்றமாகும். ஆனால் அவ்விடத்தில் அவர் வைத்த விளக்கம் குடும்பத்தைச் சார்ந்தது. 1940இல் அவரும் கிறேஸ் தூறேனும் வெளியிட்ட கட்டுரை, பிள்ளையை அளவுமீறிப் பொத்திக் காத்து உணவால் அன்பை ஈடுசெய்யும் தாயையும், வலிமையற்ற தந்தையையும் கொண்ட குடும்பச் சூழலை முன்னிறுத்தியது. அவர் ஆராய்ந்த குடும்பங்களிற் பல, பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நியூயோர்க்கில் வாழ்ந்த வறிய குடியேறிகளின் குடும்பங்கள் என்பது நோக்கத்தக்கது. வறுமையும் பசியின் நினைவும் இடம்பெயர்வின் நிச்சயமின்மையும் ஒரு தாயின் ஊட்டும் கையில் எவ்வாறு வெளிப்படும் என்ற வினா, தாயின் ஆளுமைக் குறைபாடு பற்றிய வினாவாகச் சுருங்கிவிட்டது. ஒரு வரலாற்று நிலைமை தனிமனித நோயாக மொழிபெயர்க்கப்பட்டது எனக் கூறின் அது மிகையாகாது.

உளப்பகுப்பாய்வுச் சிந்தனை செல்வாக்குப் பெற்றிருந்த அக்காலத்தில், கொழுப்பு என்பது மனத்தின் உள்முரண்பாட்டிற்கு உடல் எழுப்பிய அரண் எனக் கருதப்பட்டது. அரணை அகற்றினால் உள்ளே இருப்பது சிதையும் என்ற அச்சமும் அதனோடு பிறந்தது. நிறைகுறைப்பு உணவுக் கட்டுப்பாட்டின்போது சிலரிடம் தோன்றும் மனச்சோர்வு பற்றி அல்பேட் ஸ்டங்காட் 1957இல் எழுதிய கட்டுரை இவ்வச்சத்திற்கு ஆதாரமாக எடுத்தாளப்பட்டது.

ஆயினும் உடற்பருமனின் சமூகப் பின்னணியை வெளிக்கொணர்ந்தவர்களில் ஸ்டங்காட்டே முதன்மையானவர் என்பதையும் கூறுதல் வேண்டும். நியூயோர்க்கின் மன்ஹற்றன் பகுதியில் 1,660 பேரிடையே நடத்தப்பட்ட உளநல ஆய்வின் தரவுகளை அவரும் அவர்தம் சகாக்களும் 1960களில் மீளாய்வு செய்தனர். தாழ்ந்த சமூக பொருளாதார நிலையிலிருந்த பெண்களில் நூற்றுக்கு 30 பேரும், உயர்நிலையிலிருந்த பெண்களில் நூற்றுக்கு 5 பேருமே பருமனுடையோராகக் காணப்பட்டனர். தாயின் மனத்தில் மட்டும் காரணத்தைத் தேடிய கோட்பாடு, ஆறு மடங்கான இவ்வர்க்க வேறுபாட்டை விளக்க வல்லதாக இல்லை.

3

தொடக்ககாலச் சத்திரசிகிச்சை ஆபத்து மிக்கதாக இருந்தது. கலிபோர்னியாவிலே பெயினும் டிவின்டும் 1963இல் வெளியிட்ட முறையும், அதனைத் திருத்தி 1969இல் வெளியிட்ட முறையும் சிறுகுடலின் பெரும்பகுதியைப் பயனற்றதாக்கின. நிறை குறைந்தது, ஆனால் இடையறாத வயிற்றோட்டம், கனிப்பொருட் குறைபாடு, சிறுநீரகக் கற்கள், ஈரற் செயலிழப்பு ஆகியன தொடர்ந்தன. 1980ஆம் ஆண்டளவில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இத்தகைய சிகிச்சைக்கு ஒருவரை உட்படுத்துவதற்கு முன், அவர் அதன் விளைவுகளை விளங்கிக்கொண்டாரா, வாழ்நாள் முழுவதும் தொடரும் வைத்தியக் கண்காணிப்பிற்கு உடன்படுவாரா என அறிய வைத்தியர் விரும்பியதில் நியாயம் உண்டு. உளமருத்துவரின் உதவி நாடப்பட்டமைக்கு இந்த எச்சரிக்கை உணர்வு ஒரு காரணம். மேலே குறிப்பிட்ட ‘அரண்’ கோட்பாடு மற்றொரு காரணம். இரண்டும் தம்முள் வேறானவை. முன்னையது சிகிச்சையின் ஆபத்திலிருந்து பிறந்தது. பின்னையது நோயாளி பற்றிய முற்கோளிலிருந்து பிறந்தது. நடைமுறையில் இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

ஆய்வு முடிவுகள் இம்முற்கோளுக்கு மாறாக அமைந்தன. சொலோவும் அவர்தம் சகாக்களும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, குடல் மாற்றுவழிச் சத்திரசிகிச்சையின் பின் நோயாளரின் மனநிலையும் தன்மதிப்பும் சமூக ஈடுபாடும் பொதுவாக மேம்பட்டதைக் காட்டியது. கற்றரின் ஹல்மி, ஸ்டங்காட், மேசன் ஆகிய மூவரும் 1980இல் வெளியிட்ட ஒப்பீடு, உணவுக் கட்டுப்பாட்டால் நிறை குறைத்தபோது நேர்ந்த மனத்துயரிலும் சத்திரசிகிச்சையால் நிறை குறைந்தபோது நேர்ந்த மனத்துயர் குறைவானது எனக் கண்டது. அரண் அகன்றது, ஆனால் எதிர்பார்த்த சிதைவு பொதுவிதியாக நிகழவில்லை. மிகைப்பருமனுடையோருக்கென ஒரு தனி ஆளுமை வகை இல்லை என்பதும், அவர்களிடம் காணப்படும் உளத்துயரிற் பெரும்பகுதி பருமனுக்குக் காரணமாகாது, சமூக இகழ்ச்சியின் விளைவாகவே அமைகிறது என்பதும் 1990களின் தொடக்கத்தில் ஸ்டங்காட், வாடன் ஆகியோரால் வலியுறுத்தப்பட்டன.

4

கோட்பாடு தளர்ந்த அதே காலத்திலேயே சோதனை உறுதிபெற்றது என்பதுதான் இவ்வரலாற்றின் முரண்.

1991 மார்ச் மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய கருத்தொருமை மாநாடு, உடற்றிணிவுச் சுட்டி 40ஐ மீறியோரையும், 35இற்கும் 40இற்கும் இடைப்பட்டுக் கடும் இணைநோய்கள் உடையோரையும் சத்திரசிகிச்சைக்குக் கருதலாம் என வரையறுத்தது. மருத்துவம், சத்திரசிகிச்சை, உளமருத்துவம், போசாக்கு ஆகிய துறைகளின் அறிவுடைய குழுவொன்று நோயாளரைக் கவனமாகத் தெரிந்தெடுக்க வேண்டும் எனவும் அது பரிந்துரைத்தது. எந்த உளச்சோதனையை நடத்த வேண்டும், எந்தப் பெறுபேறு ஒருவரை விலக்கும் என்பவற்றை அது வகுக்கவில்லை. பல துறையினரும் கூடி நோயாளியைப் பேண வேண்டும் என்ற பரிந்துரை, காப்புறுதி நிறுவனங்களின் கையில், ஒவ்வொரு துறையினரிடமும் அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனையாக உருமாறியது.

இம்மாற்றத்தின் பொருளியல் அடிப்படையை மறந்துவிட முடியாது. இலாபநோக்குடைய காப்புறுதி முறைமையிற் செலவைத் தாமதிப்பதும் தவிர்ப்பதும் ஆதாயமாகும். மாதக்கணக்கிற் கண்காணிக்கப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டை முன்நிபந்தனையாக விதிப்பதும் இவ்வகையினதே. இந்நிபந்தனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என அமெரிக்க நிறைகுறைப்புச் சத்திரசிகிச்சையாளர் சங்கமே 2016இல் வெளிப்படையாகக் கண்டித்துள்ளது. ஒருவர் ஊக்கமுடையவரா, ஒழுங்குடையவரா, குடும்ப ஆதரவு பெற்றவரா என உளச்சோதனை வினவுகிறது. குறித்த நாட்களில் தவறாது வருவது ஊக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணொருத்தி ஒரு தவணைக்கு வராமைக்குக் காரணம் ஊக்கக் குறைவா, அன்றைய கூலியை இழக்க முடியாமையா என்பதை எந்த வினாக்கொத்தும் பிரித்தறிவதில்லை. வாழ்நிலையின் பண்புகள் இங்கு மனத்தின் பண்புகளாகப் பதிவுறுகின்றன. புறூக்கின் காலத்தில் வறிய தாய்க்கு நேர்ந்ததே, வேறொரு வடிவில், இங்கும் நேர்கிறது.

5

இச்சோதனை தன் நோக்கத்தையேனும் நிறைவேற்றுகிறதா என்பது அடுத்த வினா.

கலார்ச்சியனும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, சத்திரசிகிச்சையை நாடிய 288 பேரை ஆராய்ந்தது. அவர்களில் நூற்றுக்கு 66 பேர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் உளநோய் ஒன்றிற்கு உட்பட்டிருந்தனர். நூற்றுக்கு 38 பேர் ஆய்வு வேளையிலும் அந்நிலையில் இருந்தனர். சிகிச்சைக்கு அனுமதி வழங்கும் செயன்முறையிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டே இந்நேர்காணல்கள் நடத்தப்பட்டமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அனுமதியைத் தன் கையில் வைத்திருக்கும் ஒருவர் முன் தன் துயரைச் சொல்வதும், அவ்வதிகாரம் இல்லாத ஒருவர் முன் சொல்வதும் ஒன்றல்ல. ‘எனக்கு மனச்சோர்வு உண்டு’ என்ற வாக்கியம் முதலாமவரிடத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக்கூடியது. எனவே உதவி மிகத் தேவைப்படுவோரே மௌனம் சாதிக்க வேண்டிய நிலை உருவாகிறது. வாயிலிற் காவல் நிற்பவரிடம் எவரும் மனந்திறப்பதில்லை.

டோசும் சகாக்களும் 2016இல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். சத்திரசிகிச்சையை நாடுவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 19 பேரிடம் மனச்சோர்வும், 17 பேரிடம் கட்டுமீறி உண்ணும் கோளாறும் காணப்பட்டன. ஆனால் இவை பின்னர் நிறை குறைவதைத் தடுக்கின்றன என்பதற்கு ஒருமித்த சான்று கிடைக்கவில்லை. மறுபுறத்தில், சத்திரசிகிச்சையின் பின் மனச்சோர்வு பரவலாகக் குறைந்தமையை அத்தொகுப்பு உறுதிசெய்தது. யாருக்குச் சிகிச்சை பயன்படாது என்பதை முன்கூட்டியே அறிவிப்பதாக உரிமை கோரும் ஒரு சோதனைக்கு இது பாதகமான தீர்ப்பாகும்.

6

இவ்வாறு கூறுவதனால், மனம் பற்றிய அக்கறையே தேவையற்றது எனக் கொள்வது பெருந்தவறாகும். உண்மை அதற்கு எதிரானது.

யூட்டா மாநிலத்தில் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை பெற்ற 7,925 பேரையும், அது பெறாத அதேயளவு பருமனுடையோரையும் ஒப்பிட்டு அடம்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்றோரின் மொத்த இறப்பு வீதம் நூற்றுக்கு 40 குறைவாக இருந்தது. ஆகவே தகுந்த காரணமின்றி ஒருவரை வாயிலில் நிறுத்தி வைப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாகும். ஆனால் அதே ஆய்வில், விபத்து, தற்கொலை முதலாய நோய்சாரா இறப்புகள் சிகிச்சை பெற்றோரிடையே நூற்றுக்கு 58 அதிகமாகக் காணப்பட்டன. கிங் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, மதுப் பாவனைக் கோளாறு சத்திரசிகிச்சைக்கு முந்திய ஆண்டில் நூற்றுக்கு 7.6 ஆகவும், பிந்திய முதலாம் ஆண்டில் 7.3 ஆகவும், இரண்டாம் ஆண்டில் 9.6 ஆகவும் இருந்ததைக் காட்டியது. இரைப்பையின் அமைப்பு மாற்றப்பட்டபின் மது குருதியில் விரைந்து கலப்பது இதற்கொரு காரணமாகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 8,815 பேரை ஆராய்ந்து பட்டி குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தன்னைத்தானே ஊறுபடுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின.

இவ்வெண்கள் நமக்கு உணர்த்துவது ஒன்றே. ஆபத்து பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் பின், இரண்டாம் ஆண்டிலும் அதற்கப்பாலும், தோன்றுகிறது. காவலோ சத்திரசிகிச்சைக்கு முன் நிற்கிறது. முன்னே ஒரு நாள் நடக்கும் நேர்காணலுக்குச் செலவிடப்படும் கவனம், பின்னே பல ஆண்டுகள் தொடரும் வாழ்விற்குக் கிடைப்பதில்லை. உடல் மாறிய பின்னும் மாறாத வறுமை, வேலையின்மை, குடும்பப் பிணக்கு ஆகியவற்றை எதிர்கொள்ளும் மனிதர், தமது மனத்துயரைச் சொல்ல ஒருவரைத் தேடும்போது, அனுமதி வழங்கியவர் தம் கடமையை முடித்துச் சென்றிருப்பார்.

7

சத்திரசிகிச்சையின் தன்மையை விளங்கிக்கொள்ள முடியாதவர், கட்டுப்படுத்தப்படாத கடும் உளநோய்க்கு ஆட்பட்டிருப்பவர், போதைப்பொருளிலிருந்து மீளாதவர் ஆகியோர் விடயத்திற் காலந்தாழ்த்துவது அவர்தம் நலனுக்கே ஏற்றது. இதனை எவரும் மறுக்கார். நடைமுறையிற் பெரும்பாலான விண்ணப்பகாரர் ஈற்றில் ஏற்கப்படுகின்றனர் என்பதும் உண்மையே. ஆனால் சிலருக்குப் பொருந்தும் எச்சரிக்கை அனைவர்க்குமான ஐயமாக விரிந்தமைதான் இங்கு நாம் கண்ட வரலாறு. அமெரிக்கச் சங்கத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், நோயாளியின் வலிமைகளையும் தேவைகளையும் அறிந்து, முன்னும் பின்னும் உதவி வழங்குவதையே மதிப்பீட்டின் நோக்கமாகக் கொள்ளுதல் நன்று என்ற திசையில் நகர்ந்துள்ளன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் அனுமதி வழங்கும் அதிகாரமும் ஆறுதல் வழங்கும் கடமையும் ஒருவர் கையிலேயே இருக்கும்வரை இந்நோக்கம் முழுமையாக நிறைவேறுதல் அரிது. அவ்விரண்டையும் பிரித்தலும், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய உளநலப் பேணலைக் கட்டணத் தடையின்றி வழங்குதலும் அடிப்படைத் தேவைகளாகும்.

இவ்விடயம் நம்மையும் சார்ந்ததே. 2022இல் வெளியிடப்பட்ட சர்வதேச வழிகாட்டி, ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டியின் எல்லையைத் தாழ்த்தி, 27.5இலிருந்தே சத்திரசிகிச்சையைக் கருதலாம் எனக் கூறுகிறது. உடலின் அளவுகோல் மக்களுக்கு மக்கள் வேறுபடும் என்பது இதனால் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. மனத்தின் அளவுகோலுக்கும் இது பொருந்தாதா? சிகிச்சை முறையோடு அதன் வினாக்கொத்துகளும் வந்து சேரும் நாடுகளில், அவை யாருடைய வாழ்வை ‘இயல்பு’ எனக் கொண்டு ஆக்கப்பட்டன, யாருடைய துயரைக் குறையாகக் காட்டுகின்றன என்பவற்றை வினவுவது ஆய்வாளரின் கடமையாகும். மினசோட்டா வைத்தியசாலைக்கு உறவினரையும் நண்பரையும் பார்க்க வந்த அந்த 724 பேரும் தமது விடைகளை நேர்மையாகவே குறித்திருப்பர். அவர்களது விடைகளைக் கொண்டு மற்றெல்லோரையும் அளக்கும் உரிமையை அவர்கள் யாருக்கும் வழங்கியிருக்கவில்லை.